இரண்டு வெள்ளைப் புள்ளிகள்

டிசம்பர் 1

சூரியன் போய்விட்டது. இனி ஜனவரி பாதியில்தான் முகம் காட்டும். நண்பகலில் தெற்கு மலைக்குப் பின்னால் கொஞ்சம் நீலம் கசிகிறது. அதைத்தான் இங்கே பகல் என்று சொல்கிறார்கள். நார்வேயின் வடகோடிக்கு வந்து இது நான்காவது குளிர்காலம். இன்னும் பழகவில்லை.

காலையில் காரைச் சுற்றிப் பனியை வாரித் தள்ளிவிட்டு நிலையத்துக்குப் போனேன். குன்றின் மேல் எங்கள் ஆன்டெனாக்கள் வெள்ளைக் கூண்டுகளுக்குள் சுழன்றுகொண்டிருந்தன. ஐரோப்பாவின் ரேடார் செயற்கைக்கோள்கள் துருவத்துக்குத் துருவம் சுற்றுபவை. உலகின் எந்த மூலையைப் படமெடுத்தாலும், சுற்றிவரும்போது எங்கள் தலைக்கு மேல் வந்து கொட்டிவிட்டுப் போகும். ரேடாருக்கு இருட்டும் மேகமும் பொருட்டில்லை. படத்தில் கடல் கறுப்பாக இருக்கும். கப்பல் ஒரு வெள்ளைப் புள்ளி. எண்ணெய் கசிந்த இடம் கறுப்புக்குள் இன்னும் கறுப்பு. அவற்றைப் பார்த்துச் சொல்வதுதான் என் உத்தியோகம். இன்று முழுக்க வட கடல் எண்ணெய்க் கிணறுகள். ஒன்றும் கசியவில்லை.

கிளீட்டஸ் அண்ணன் ஞாபகம். கடலுக்குப் புறப்பட்ட அன்று அழைத்தான். "ஏட்டி டெல்பி, ஒனக்க சேட்டிலைட்டுல சூரை மீன் எங்க கெடக்குன்னு தெரியுமா?" என்றான். மீன் தெரியாது, உன் மீன்பிடிப் போட்டு வேண்டுமானால் தெரியும் என்றேன். "போட்டு தெரிஞ்சு எதுக்கு? அது எங்க நிக்குன்னு எனக்கே தெரியுமே!" என்று சிரித்தான்.

இரவுக்குச் சோறும் கருவாட்டுக் குழம்பும். மேல்வீட்டுக்காரி ஜன்னலைச் சாத்தும் சத்தம் கேட்டது.

டிசம்பர் 3

அடித்தளத்துத் துணி உலர்த்தும் அறை இன்று என் முறை. மறந்துபோய், ஈரத் துணியோடு மேலே வந்தேன்.

மறக்கக் காரணம் அம்மையின் அழைப்பு. "மக்களே, கடலு ஒரு மாதிரி கெடக்கு. காத்து தெக்கேருந்து வருது. அவன் எங்க நிக்கான்னு ஒனக்குத் தெரியுமா?"

எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை. அம்மையைப் பொறுத்தவரை நான் வானத்தில் உட்கார்ந்திருப்பவள். லட்சத்தீவுக்குத் தெற்கே ஒரு தாழ்வு நிலை உருவாகியிருப்பதை வானிலைப் படத்தில் நேற்றே பார்த்திருந்தேன். அம்மையிடம் சொல்லவில்லை.

கன்னியாகுமரிக் கடற்கரையில் எங்கள் மரியான்துறையிலிருந்து மட்டும் இருபதுக்கும் மேல் போட்டுகள் ஆழ்கடலில் நிற்கின்றன. அண்ணனின் 'ஆரோக்கிய அன்னை'யில் அவனையும் சேர்த்துப் பத்துப் பேர். போய் மூன்று வாரமாகிறது.

டிசம்பர் 4

புயல். நேற்றுச் சாயங்காலம் தாழ்வு நிலை, இன்று காலை புயல். இவ்வளவு வேகமாக வளரும் என்று எந்தக் கணிப்பிலும் இல்லை.

பங்கு ஃபாதர் செல்சன்தான் ஊரில் வயர்லெஸ் அருகே உட்கார்ந்து எல்லாப் போட்டுகளையும் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார். அண்ணன் விடியலில் ஒருமுறை பேசியிருக்கிறான். தான் நிற்கும் இடத்தைச் சொல்லி, மெதுவாகத்தான் வர முடியும் என்றானாம். ஏன் மெதுவாக என்று ஃபாதர் கேட்பதற்குள் அறுந்துவிட்டது. அதற்குப் பிறகு குரல் இல்லை.

அம்மை மூன்று முறை அழைத்தாள். மூன்று முறையும் ஒன்றும் பேசாமல் மூச்சு மட்டும்.

டிசம்பர் 5

கடவுள் இருக்கிறார்.

அந்தக் கடல் நடுவே எங்கள் செயற்கைக்கோள்கள் வழக்கமாகப் படமெடுப்பதில்லை. மின்சாரம் வீண், யாரும் கேட்பதுமில்லை. ஆனால் எண்ணெய்க் கப்பல் தடத்தை மாதம் ஒருமுறை பார்க்கும் ஒரு வேலை உண்டு. அது நேற்றுக் காலையில் நடந்திருக்கிறது. காற்று முழு வேகம் பிடிப்பதற்குச் சற்று முன்னால். சேமிப்பில் தேடி எடுத்தேன். ஃபாதர் சொன்ன இடத்துக்குக் கொஞ்சம் வடமேற்கே, படத்தின் மூலையில், இரண்டு வெள்ளைப் புள்ளிகள். ஒன்று பளிச்சென்று, இன்னொன்று மங்கலாக. ஒன்றையொன்று ஒட்டினாற்போல்.

திரையைத் தொட்டுப் பார்த்தேன். பக்கத்து மேஜைக்காரன் திரும்பிப் பார்த்தான்.

துணைக்கு ஒரு போட்டு இருக்கிறது. அதுதான் மெதுவாக வந்திருக்கிறான். இரண்டு போட்டுகள் சேர்ந்திருந்தால் ஒன்றுக்கு ஒன்று பார்த்துக்கொள்ளும். அம்மையிடம் சொன்னேன். அண்ணன் மனைவி, மைனியிடமும் சொன்னேன். மைனி போனை வைக்காமலேயே ஜெபம் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

டிசம்பர் 6

இங்கர் எங்கள் பிரிவுத் தலைவி. உயரமானவள், அதிகம் பேசமாட்டாள். அவளிடம் போய் அந்தக் கடலை இன்றே படமெடுக்க வேண்டும் என்றேன்.

"டெல்ஃபின், நீயும் நானும் செயற்கைக்கோளைத் திருப்ப முடியாது. பேரிடர் வேண்டுகோள் அந்த நாட்டிலிருந்து வர வேண்டும். அது ஏற்கப்பட வேண்டும். அதன் பிறகு பாதையில் அடுத்த வாய்ப்பு எப்போது என்று பார்க்க வேண்டும்."

"அதுவரை அவர்கள் மிதக்க வேண்டும்" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. நான்கு வருடத்தில் அவள் முன்னால் நான் குரலை உயர்த்தியதில்லை.

அவள் கோபப்படவில்லை. தொலைபேசியை எடுத்து யார் யாரையோ அழைத்தாள். நார்வேஜிய மொழியிலும் ஆங்கிலத்திலும் ஒரே வாக்கியத்தை எத்தனை தடவை சொல்லியிருப்பாள் என்று தெரியாது. மதியச் சாப்பாட்டுக்கும் எழவில்லை.

ஊருக்கு வருகிறேன் என்று அம்மையிடம் சொன்னேன். "நீ வராண்டாம் பிள்ளே. இங்க வந்து நீ என்ன காண்பா? அங்கேயே இருந்து பாரு" என்றாள்.

டிசம்பர் 7

பார்த்துக்கொண்டே இருக்கிறேன். பார்க்கப் படம் இல்லை.

டிசம்பர் 8

போட்டுகள் திரும்பத் தொடங்கிவிட்டன. சில கேரளக் கரையில் ஒதுங்கியிருக்கின்றன, சில தீவுகளில். வந்துசேர்ந்தவர்கள் பெயரை ஃபாதர் கோயில் ஒலிபெருக்கியில் வாசிக்கிறாராம். பெயர் வந்த வீட்டில் ஒரு அலறல், பெயர் வராத வீட்டில் ஒரு அலறல், இரண்டும் ஒரே மாதிரி இருக்கிறது என்றாள் அம்மை.

'ஆரோக்கிய அன்னை' இன்னும் வாசிக்கப்படவில்லை.

மாலையில் இங்கர் என் மேஜைக்கு வந்து தோளில் கைவைத்தாள். வேண்டுகோள் வந்துவிட்டது, ஏற்கப்பட்டும்விட்டது. நாளைய சுற்றில் அந்தப் பகுதி முழுக்கப் படமாகும். நான் எழுந்து அவளைக் கட்டிக்கொண்டேன். இந்த ஊரில் அப்படிச் செய்வது வழக்கமில்லை. அவள் மரம் மாதிரி நின்றாள், பிறகு மெல்ல என் முதுகில் தட்டினாள்.

இன்று சாப்பிட்டேன். மூன்று நாளைக்குப் பிறகு சோறு வடித்தேன். குழைந்துவிட்டது.

டிசம்பர் 9

ஒரு புள்ளி.

கடல் அமைதியாகிவிட்டதால் படம் மிகத் தெளிவாக வந்திருக்கிறது. ஐந்து நாள் காற்றையும் நீரோட்டத்தையும் கணக்குப் போட்டு, அந்த இரண்டு போட்டுகளும் எங்கே மிதந்து போயிருக்கும் என்று ஒரு வட்டம் வரைந்து வைத்திருந்தேன். மேற்கே வெகுதூரத்தில். வட்டத்துக்குள் ஒரே ஒரு புள்ளி. நகரவில்லை, எஞ்சின் ஓடும் தடமில்லை. சும்மா கிடக்கிறது.

மற்றது கரைக்குப் போயிருக்கும். உதவி கூட்டிவரப் போயிருக்கும். அண்ணன் தன் போட்டை விட்டு இறங்கமாட்டான். அதனால் அங்கே கிடப்பது அவன்தான்.

புள்ளி மங்கலாகத்தான் இருக்கிறது. போட்டுக்குள் தண்ணீர் ஏறித் தாழ்ந்திருந்தால் மங்கலாகத்தான் தெரியும். நீளத்தை அளந்தேன். குறைவாக வந்தது. வேறு கோணத்தில் அளந்தேன். அதுவும் குறைவு. அலைமேல் கிடக்கும் போட்டு எப்போதும் பக்கவாட்டில் நிற்காது, ரேடாருக்குத் தலையைக் காட்டிக்கொண்டு நின்றால் குட்டையாகத்தான் தெரியும். கடைசியில் ஓரளவு சரியாக வந்த அளவை எடுத்துக்கொண்டேன்.

டிசம்பர் 10

காலையில் இங்கரிடம் காட்டினேன். இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவள் நெடுநேரம் பார்த்தாள்.

"உன் அண்ணனின் படகு எவ்வளவு பெரிது?"

"பெரியது. ஆழ்கடல் போட்டு."

"இது பெரிய படகு இல்லை, டெல்ஃபின்."

"தண்ணீர் ஏறியிருக்கிறது. திரும்பி நிற்கிறது."

"இருக்கலாம்" என்றாள். சற்றுப் பொறுத்து, "முதல் படத்தில் இருந்தது இரண்டு. இங்கே மிஞ்சியிருப்பது எது என்று நீ பார்த்தாயா?" என்றாள்.

அவளுக்குப் படகைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்தேன். வாயைத் திறந்து சொல்லவும் செய்தேன். அவள் அப்பா, தாத்தா எல்லோரும் இந்தக் கடலில் காட் மீன் பிடித்தவர்கள். அது எனக்குத் தெரியும். தெரிந்தே சொன்னேன். அவள் குறிப்பில் 'சிறிய படகு, உயிரோடு ஆட்கள் இருக்கலாம், அவசரம்' என்று எழுதி இந்தியாவுக்கு அனுப்பினாள்.

நான் ஃபாதரை அழைத்து இடத்தைச் சொன்னேன். தேடும் கப்பல்கள் வெகு வடக்கே இருக்கின்றன, வந்துசேர நாளாகும் என்றார். "நம்ம ஆளுகளே போறோம்னு நிக்கானுவ. நாலு போட்டு. ஆனா மறுபடி கடலு பொங்கும்னு சொல்லுகாவளே பிள்ளே. நீ சொல்லு. அது கிளீட்டஸுக்க போட்டுதானா? ஒறப்பா?"

ஃபாதர் பின்னால் நிறையப் பேர் நிற்பது கேட்டது. மைனியின் குரலும் கேட்டது. "அவராக்கும் ஃபாதர். டெல்பி பொய் சொல்லாது."

"உறுதி ஃபாதர்" என்றேன்.

டிசம்பர் 11

நான்கு போட்டுகள் விடியலில் புறப்பட்டன. ஒவ்வொன்றிலும் ஐந்தாறு பேர். எல்லாம் புயலிலிருந்து தப்பிக் கரையேறி, இரண்டு நாள்கூட வீட்டில் படுக்காதவர்கள்.

மத்தியானம் புதிய கணிப்பு வந்தது. தெற்கேயிருந்து பெரிய அலைகள். அவர்கள் போகும் பாதையின் குறுக்கே.

அட்சரேகை, தீர்க்கரேகை என்று நான் ஒரு எண்ணைச் சொன்னேன். அந்த எண்ணை நம்பி மனிதர்கள் கடலில் போய்க்கொண்டிருக்கிறார்கள். அந்தப் புள்ளி காலி போட்டாக இருந்தால்? மிதக்கும் கண்டெய்னராக இருந்தால்? திரும்பி வரச் சொல்லலாமா என்று ஃபாதரின் எண்ணை எடுத்தேன், வைத்தேன், எடுத்தேன். திரும்பி வரச் சொன்னால் அண்ணனுக்கு யார் இருக்கிறார்கள்?

அழைக்கவில்லை.

காரின் எஞ்சின் ஹீட்டரை மின்சாரத்தில் செருக மறந்துவிட்டேன். எஞ்சின் உறைந்து கிளம்பவில்லை. பஸ்ஸில் வந்தேன். பஸ்ஸில் ஒரு கிழவர் என்னையே பார்த்தார், பிறகு ஒரு காகிதக் கைக்குட்டையை நீட்டினார். அழுதுகொண்டிருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

டிசம்பர் 12

தகவல் இல்லை. ஆன்டெனாக் கூண்டில் பனிக்கட்டி பிடித்துவிட்டது. நானும் போய் நின்று சுரண்டினேன். அது என் வேலை இல்லை. கையுறை கிழிந்தது.

டிசம்பர் 13

இன்று லூசியா நாள். நிலையத்துக்குப் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகள் வெள்ளை அங்கி போட்டு, கையில் விளக்கோடு பாடிக்கொண்டே வந்தார்கள். மஞ்சள் நிற ரொட்டி கொடுத்தார்கள். ரொட்டி கையில் இருக்கும்போதே ஃபாதர் அழைத்தார்.

"கண்டுட்டானுவ பிள்ளே! நீ சொன்ன எடத்துலேருந்து கொஞ்சம் தள்ளி. ஆளுக உயிரோட இருக்கு. அஞ்சு பேரு!"

நான் கத்தினேன். பிள்ளைகள் பாட்டை நிறுத்திவிட்டார்கள். இங்கர் ஓடி வந்தாள். "உயிரோடு இருக்கிறார்கள், உயிரோடு இருக்கிறார்கள்" என்று அவளிடம் தமிழிலேயே சொல்லிக்கொண்டிருந்தேன்.

பிறகு ஃபாதரின் குரல் இறங்கியது. "பிள்ளே... டெல்பி... இது அடுத்த துறைக்காரங்களுக்க வள்ளமாக்கும். சின்ன வள்ளம்."

"அண்ணன் அதில் ஏறியிருப்பான். நன்றாகப் பார்க்கச் சொல்லுங்க."

"அஞ்சு பேரும் அவங்க ஆளுக தான்."

ரொட்டியைத் தின்றேன். பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள், தின்னாமல் இருக்க முடியவில்லை. குங்குமப்பூ வாசனை.

டிசம்பர் 14

துணி துவைத்தேன். தரை துடைத்தேன். அலமாரியில் இருந்த பாத்திரங்களை எல்லாம் எடுத்துக் கழுவி மறுபடி அடுக்கினேன்.

டிசம்பர் 15

போன நான்கு போட்டுகளும் கரை சேர்ந்துவிட்டன. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதற்காக மண்டியிட்டேன். வேறெதற்காகவும் ஜெபிக்க வாய் வரவில்லை.

டிசம்பர் 16

மருத்துவமனையிலிருந்து ஒரு இளைஞன் அழைத்தான். ஜோபின் என்று பெயர். காப்பாற்றப்பட்ட ஐந்து பேரில் ஒருவன். உதடெல்லாம் வெந்திருக்கும் போல, சொற்கள் உடைந்து உடைந்து வந்தன.

"அக்கா, நீங்கதான் எங்களக் கண்டதுன்னு ஃபாதர் சொன்னாரு. எங்க அம்மை ஒங்களுக்காட்டு கோயில்ல முட்டுகுத்தி இருக்காவ."

நான் வாழ்த்துச் சொல்லவில்லை. "எங்க அண்ணன் எங்க?" என்று கேட்டேன்.

அவன் அழுதான். அழுதுகொண்டே சொன்னான். புயலுக்கு முந்தின நாளே அவர்கள் வள்ளத்தின் எஞ்சின் நின்றுவிட்டது. அந்த வழியாக வந்த இரண்டு போட்டுகள் கை காட்டிவிட்டுப் போய்விட்டன. 'ஆரோக்கிய அன்னை' நின்றது. "கிளீட்டஸ் அண்ணன் கயிறு போட்டு எங்கள இழுத்தாரு. குடிக்க வெள்ளமும் சோறும் எடுத்துத் தந்தாரு. ரெண்டு பேரும் ஒண்ணாட்டுக் கரைக்குப் போவோம்லே, பயப்படாதீங்கன்னு சொன்னாரு. எங்கள இழுத்ததுனாலதான் அவங்களுக்கு வேகம் இல்ல."

"அப்புறம்?"

"மறுநாளு மத்தியானம் ஒரு அலை வந்துச்சு அக்கா. அந்த மாதிரி ஒண்ண நாங்க கண்டதில்ல. பெரிய போட்டாச்சே, அது பக்கவாட்டுல வாங்கிச்சு. கவுந்து கெடந்துது, ஆனா கயிறு அப்பவும் எங்க வள்ளத்துல. எங்களையும் கீழ இழுக்கத் தொடங்கிச்சு. அப்ப கயித்த வெட்டியாச்சு."

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"வெட்டினது கிளீட்டஸ் அண்ணனாக்கும், அக்கா. அந்தப் பக்கத்துலேருந்து. நாங்க வெட்டல்ல."

நான் அதைக் கேட்கவேயில்லை. அவனே சொன்னான். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் சொன்னான். "அண்ணன்தான் வெட்டினாரு."

"சரி மக்கா" என்றேன். "உடம்பப் பார்த்துக்கோ. அம்மைகிட்ட நான் கேட்டதாச் சொல்லு."

டிசம்பர் 17

முதல் படத்தைத் திறந்தேன். ஐந்தாம் தேதிக்குப் பிறகு தனியாக அதைப் பார்க்கவே இல்லை.

பளிச்சென்ற புள்ளியை அளந்தேன். ஒரே முறைதான் அளந்தேன். சரியாக 'ஆரோக்கிய அன்னை'யின் நீளம். பின்னால் மங்கலாக, ஒரு கயிற்றுத் தூரத்தில், சின்னது. மிஞ்சியது சின்னது. இங்கர் பார்த்தவுடனே கேட்டது இதைத்தான்.

அவள் அறைக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். அவளே காபி ஊற்றி வைத்தாள். "என் அப்பாவின் அண்ணன் கடலில் போன இடம் எங்களுக்குத் தெரியாது. என் பாட்டி சாகும்வரை எல்லாத் திசையையும் பார்த்துக்கொண்டிருந்தாள்" என்றாள். ஜன்னலுக்கு வெளியே நண்பகல் இருட்டு. இரண்டு பேரும் காபியைக் குடித்து முடித்தோம்.

அம்மையிடம் கயிற்றைப் பற்றிச் சொல்லும்போது அண்ணன்தான் வெட்டினான் என்று சொன்னேன். அண்ணன்தான் வெட்டியிருப்பான். அவனை எனக்குத் தெரியும்.

டிசம்பர் 19

அம்மை அழைத்தாள். குரல் தெளிவாக இருந்தது. அதுதான் பயமாக இருந்தது.

"மக்களே, எனக்க மோன் கெடக்குற எடம் ஒனக்குத் தெரியுமில்லியா?"

"சரியாத் தெரியாது அம்மை."

"ஒனக்குத் தெரியும். அந்த எடத்தச் சொல்லு. ஃபாதரக் கூட்டிட்டுப் போட்டுல போவோம். ஒரு பூசை வெக்கணும். ஒரு பூவு போடணும். கல்லறை இல்லாத பிள்ளையா அவன்?"

பின்னாலிருந்து மைனி வந்து போனைப் பிடுங்கினார். அவர் என்னிடம் இப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. "சொல்லாதே டெல்பி! ஒருத்தனும் இன்னும் செத்தத கண்ணால காணல்ல. வேற கப்பல்காரன் எடுத்திருப்பான். அரபி நாட்டுல எங்கயாவது ஆசுபத்திரியில கெடப்பாரு. நீ அந்த எடத்தச் சொன்னியோ, அப்பந்தான் அவரு சாவாரு. நீயாக்கும் கொல்லுவா!"

போன் கீழே விழுந்த சத்தம். அம்மை அழும் சத்தம். அம்மையா மைனியா என்று பிரிக்க முடியவில்லை.

மறுமுனையில் யாரும் எடுக்காமல் அது அப்படியே கிடந்தது. வாசலில் மீன் விற்கிற சத்தம் கேட்டது. யாரோ சைக்கிள் மணி அடித்தார்கள். நான் வைக்கவில்லை. வெகுநேரம் வீட்டைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

டிசம்பர் 20

வேலைக்குப் போனேன். வட கடலில் ஒரு எண்ணெய்க் கசிவு, சிறியது. எழுதி அனுப்பினேன். பாராட்டி மின்னஞ்சல் வந்தது.

டிசம்பர் 21

நான் கேட்காமலேயே இங்கர் எனக்கு விடுப்பு எழுதிவிட்டாள். ஜனவரி முடியும்வரை. "போ. இங்கே நீ பார்க்க வேண்டியது இனி ஒன்றும் இல்லை" என்றாள். அது கடுமையான வார்த்தை. ஆனால் அவள் கண் கலங்கியிருந்தது. கிளம்பும்போது ஒரு கம்பளித் தொப்பி கொடுத்தாள், அவளே பின்னியது. எங்கள் ஊருக்குக் கம்பளித் தொப்பி எதற்கு என்று சிரித்தேன். அவளும் சிரித்தாள்.

காணாமல் போனவர்களின் பெயர்ப் பட்டியலில் 'ஆரோக்கிய அன்னை'யின் பத்துப் பேரையும் சேர்த்துவிட்டார்கள். அண்ணனின் பெயரைத் தப்பாக எழுதியிருக்கிறார்களாம். ஃபாதர் திருத்தச் சொல்லியிருக்கிறார்.

டிசம்பர் 23

நாளைக் காலை விமானம். பெட்டி கட்டி முடித்துவிட்டேன். அம்மைக்கு ஒன்றும் வாங்கவில்லை. என்ன வாங்குவது?

மத்தியானம் மைனி அழைத்தார். அன்றைக்குப் பிறகு நாங்கள் பேசவில்லை.

"அம்மை படுத்திருக்கு. நான் தனியாட்டுதான் இருக்கேன்" என்றார். "அன்னைக்கு நான் சொன்னத மனசுல வெக்காண்டாம்."

"இல்ல மைனி."

"அந்தப் பயல் வந்தான். ஜோபின். ஆசுபத்திரியிலேருந்து நேரா இங்கதான் வந்தான். அவருக்க கையால வாங்கிக் குடிச்ச வெள்ளத்தப் பத்திச் சொன்னான். கால்ல விழுந்தான். எழும்பவே இல்ல." மூச்சு வாங்கிக்கொண்டார். "கயித்தப் பத்தியும் சொன்னான். நான் போதும்னு சொல்லிட்டேன். அவன் உயிரோட இருக்கான்ல. இருக்கட்டு."

கட்டி வைத்திருந்த பெட்டியின் மேல் உட்கார்ந்தேன்.

"டெல்பி, அந்த எடத்த எங்கிட்டச் சொல்லு. நான் எழுதி எடுக்கேன். அம்மையக் கூட்டிட்டு நானே போறேன்."

சொன்னேன். ஒவ்வொரு எண்ணாகச் சொன்னேன். அவர் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னார். ஒன்றைத் தவறாக எழுதிவிட்டார், திருத்தினேன். கடைசியில் எல்லாவற்றையும் ஒருமுறை சேர்த்து வாசித்தார். எண் இவ்வளவு சிறியதா என்று இருந்தது.

"அங்க எவ்வளவு ஆழம்?"

"நெறைய ஆழம் மைனி."

"நெறையன்னா?"

"ரெண்டு கிலோமீட்டருக்கு மேல."

மைனி அதை மனதுக்குள் நிறுத்திப் பார்க்கிறார் என்று தெரிந்தது. ஊரிலிருந்து எவ்வளவு தூரம் நடந்தால் அவ்வளவு வரும் என்று எண்ணியிருப்பார்.

"அடியில தணுக்குமா டெல்பி?" என்று கேட்டார். "அவருக்குத் தணுப்பு ஆகாது. மார்கழிக் காத்துக்கே தலையில துண்டு கெட்டிட்டுத்தான் கெடப்பாரு."

அந்த ஆழத்தில் கடல் எவ்வளவு குளிர்ந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். இந்த ஊர்த் துறைமுகத்துத் தண்ணீரைவிடக் குளிர்ச்சி. இந்தத் துறைமுகத்தில் விழுந்தவனையே சீக்கிரம் தூக்காவிட்டால் பிழைக்கமாட்டான்.

"தணுக்காது மைனி" என்றேன். "நம்ம கடலுதானே."